கடுகு தாளிக்கும் கம்ப்யூட்டர்

ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் கோடம்பாக்கம்தான். பெரிய ஹால், கண்ணாடி அறை, வரிசையாக வயலின்காரர்கள். கடைசி வரிசையில் ஒருத்தர் தும்மினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தும்மியவரை மற்றவர்கள் பார்க்கும் பார்வையில் அவருக்கு ஜலதோஷமே விட்டுப் போய்விடும்.

இப்போது ஸ்டூடியோ என்பது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கும் மூன்றடி இடம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு குட்டிப் பெட்டி. அறையில் பாதி இடத்தைக் காயப் போட்ட துணி அடைத்துக்கொண்டிருக்கும். (அது நல்லதுதான். பின்னால் சொல்கிறேன்.) 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு ஒட்டி ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. அன்றிலிருந்து கீபோர்ட் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்த பையன்களின் அம்மாக்கள் எல்லாரும் ‘அவரும் வீட்லதானே ஆரம்பிச்சார்?’ என்ற ஒரே வாதத்தில் தோற்றிருக்கிறார்கள்.

இந்த வாரச் சமாசாரம் இசை அல்ல. இசையைப் பதிகிற அந்தக் கம்ப்யூட்டர். அது கொஞ்சம் வயசானதும் இருமத் தொடங்கும். உடனே உறவு, நட்பு, கடைக்காரர் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: ‘தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு.’ அப்படிச் சொல்கிறவர் யாரும் பணம் தருவதில்லை என்பதைக் கவனிக்கவும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி அப்படித்தான் ஒரு கொட்டேஷனோடு இறங்கி வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பிரிவு. சொந்த ஊர் தேனிப் பக்கம். கொட்டேஷனின் அடியில் 1,35,000 ரூபாய் என்று போட்டிருந்தது.

“பி.எஃப்.ல லோன் போட்றலாம்னு இருக்கேன் சார். ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டுட்டு…”

எனக்கு ஸ்க்ரூ டிரைவரோடு பழைய சிநேகம் என்பது தெருவுக்கே தெரியும். பழைய ரேடியோவிலிருந்து புது மிக்ஸி வரை எல்லாம் என் வாசலுக்கு வரும். “என்ன அவசரம்?” என்றேன்.

அவசரம் இருந்தது. அப்பத்தா ஊரிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்திருக்கிறார். வயது 82. இன்னும் ஒன்பது நாளில் கிளம்பிவிடுவார். அவருக்கு ஒரு தாலாட்டு தெரியும். அவருடைய மாமியார் பாடியது. மாமியாருக்கு அவர் அம்மா சொல்லித் தந்தது. ஊரில் அந்தப் பாட்டை முழுசாகப் பாடத் தெரிந்தவர் இப்போது இவர் ஒருத்தர்தான். அதைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தம்பிக்கு ரொம்ப நாளாக ஆசை. முந்தின நாள் பதிந்தும் பார்த்துவிட்டார். போட்டுக் காட்டியபோது அப்பத்தா சொன்னது:

“ஏப்பா, நான் பாடுறதுக்குப் பின்னால யாரோ கடுகு தாளிக்கிறாகளே, யாரு அது?”

அப்பத்தாவின் டயக்னாஸிஸ் நூற்றுக்கு நூறு சரி. நமக்கு வேண்டியது, அடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

*

முதலில் சத்தத்தைக் கேட்டுப் பழக வேண்டும். டாக்டர் இருமலைக் கேட்டே வறட்டு இருமலா, சளி இருமலா என்று சொல்வதில்லையா, அப்படி. வீட்டு ஸ்டூடியோவில் வருகிற வியாதிச் சத்தங்கள் பெரும்பாலும் நாலு ஜாதிதான்.

ஒன்று, ‘உம்ம்ம்’ என்று விடாமல் வரும் ரீங்காரம். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. அந்தச் சத்தம்தான் உள்ளே நுழைந்திருக்கிறது. லாப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உம்ம் நின்றால் குற்றவாளி கரண்ட் பக்கம். சுவரில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்க வேண்டும். எல்லா சாமான்களையும் ஒரே பிளக் போர்டிலிருந்து ஓட்ட வேண்டும். சத்தம் போக வேண்டும் என்று மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடும் தைரியசாலிகள் உண்டு. சத்தம் போகலாம்; கூடவே ஆளும் போகலாம். வேண்டாம்.

இரண்டு, உச்சஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் ‘கரகர’. இது கம்ப்யூட்டர் வியாதியே இல்லை. மைக் பெட்டியில் கெயின் குமிழைக் கூடுதலாகத் திருகியிருக்கிறீர்கள். உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் குறைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் பதிந்தால் மெதுவாகப் பதிந்ததைப் பிறகு தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம். கரகரத்துப் பதிந்ததை யாராலும் முழுசாகச் சரி பண்ண முடியாது.

மூன்று, பாட்டு சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாடகர் யாரோ மாதிரி இருக்கிறார். விநாடிக்கு 44,100 சாம்பிளில் பதிந்ததை 48,000-ல் ஓட்டினால் பாட்டு ஒன்பது சதவிகிதம் வேகமாகும். சுருதி சுமார் முக்கால் கட்டை ஏறும். பெட்டியிலும் ப்ரோகிராமிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தீர்ந்தது.

நாலாவதுதான் கடுகு. ‘பட்… படபட… பட்.’ இதற்குத்தான் ஜனங்கள் லட்சக்கணக்கில் மருந்து வாங்குகிறார்கள்.

கடுகுக்கு ஒரு சின்னப் பரீட்சை. ஒரே இடத்தை இரண்டு தடவை போட்டுக் கேளுங்கள். கடுகு இரண்டு தடவையும் அதே எழுத்தில் வெடித்தால் அது பதிவிலேயே ஏறிவிட்டது; பிறகு ஒட்டுப் போடலாமே தவிர முழுசாக எடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வெடித்தால் பதிவு சுத்தம். போட்டுக் காட்டும்போதுதான் தகராறு. தம்பியின் கேஸ் முதல் ரகம். மூன்றாவது அடியில் ‘கண்ணே’ என்று வருகிற இடத்தில் எப்போது போட்டாலும் வெடித்தது.

*

கடுகு ஏன் வெடிக்கிறது?

சென்னைவாசிகளுக்கு விளக்குவது சுலபம். தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்காமல் கொட்ட வேண்டும். லாரி வந்து வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. தொட்டி காலியாவதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டால் குழாய்க்கு ஒன்றும் தெரியாது. ஒரு லாரி லேட் என்றால்? குழாய் ‘புஸ்’ஸென்று காற்று விடும்.

மைக்கிலிருந்து வரும் ஒலி விநாடிக்கு 48,000 துளிகளாகக் கம்ப்யூட்டருக்குள் வருகிறது. ஒவ்வொரு துளியாக எடுத்துப் போக முடியாது என்பதால் தொட்டி தொட்டியாக எடுத்துப் போகும். அந்தத் தொட்டிக்குப் பெயர் பஃபர். ஒரு தொட்டியை நேரத்துக்கு எடுக்கத் தவறினால் பாட்டில் ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டையின் சத்தம்தான் ‘பட்’.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கம்ப்யூட்டர் ‘ஸ்லோ’, அதனால்தான் வெடிக்கிறது என்று நினைக்கிறார்கள். ஸ்லோ என்பது வேறு, லேட் என்பது வேறு. ஆபீஸ் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில பேர் ஃபைல்களைப் பறக்க விடுவார்கள். ஆனால் பதினொன்றரைக்குத்தான் வருவார்கள். வேறு சில பேர் நிதானம். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் இருப்பார்கள். பாட்டுப் பதிவுக்கு வேண்டியது இரண்டாவது ரகம். ஒரு குரலைப் பதிவது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 பிட், 48,000 என்றால் விநாடிக்கு 1,44,000 பைட்டு. பதினாறு மைக் வைத்தாலும் 2.3 எம்.பி. சுமாரான பழைய ஹார்ட் டிஸ்க்கே வரிசையாக எழுதும்போது விநாடிக்கு 100 எம்.பி. எழுதும். வேலை குறைவு, நேரம் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு ஸ்பீடு?’ அல்ல. ‘யார் லேட் பண்ணுகிறார்கள்?’

*

மாடிக்குப் போனேன். 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப். நாலாம் தலைமுறை ஐ-5, 8 ஜி.பி. ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். மோசமில்லை. பக்கத்தில் அப்பத்தா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வாங்க தம்பி. பொட்டியில என்ன பூச்சி கீச்சி புகுந்துருச்சா?” என்றார்.

ரிப்பேரில் எனக்கு ஒரே ஒரு கொள்கை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அஞ்சு மாத்திரையை ஒன்றாக முழுங்கினால் காய்ச்சல் போகும். எது போக்கியது என்று தெரியாது. அடுத்த தடவையும் அஞ்சையும் முழுங்க வேண்டும்.

முதலில் தொட்டியைப் பார்த்தேன். பஃபர் 64 என்று இருந்தது.

“ஏன் தம்பி 64?”

“அதான் சார் ஸ்பீடு. எல்லாரும் அதான் வைக்கச் சொல்றாங்க.”

64 துளி என்றால் 64-ஐ 48,000-ஆல் வகுக்க வேண்டும்: 1.3 மில்லி செகண்ட். அதாவது விநாடிக்கு 750 தடவை லாரி வர வேண்டும். இது தொட்டி இல்லை, காபி டம்ளர். 1,024 என்று வைத்தால் 21 மில்லி செகண்ட். விநாடிக்கு 47 லாரி போதும்.

அப்படியானால் எல்லாரும் ஏன் சின்னதாக வைக்கிறார்கள்? காரணம் உண்டு. தொட்டி பெரிசானால் தாமதமும் பெரிசாகும். பாடுகிறவர் ஹெட்ஃபோனில் தன் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டால், உள்ளே ஒரு தொட்டி, வெளியே ஒரு தொட்டி என்று குரல் சுற்றி வந்து எதிரொலி மாதிரிக் குழப்பும். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் ஓரடி போகிறது. பத்து மில்லி செகண்ட் என்றால் மிருதங்கக்காரர் பத்துப் பதினோரு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மாதிரி, சமாளிக்கலாம். நாற்பது என்றால் அவர் எதிர் பிளாட்பாரத்தில் இருக்கிறார். (ப்ளூடூத் ஹெட்ஃபோன் இதைவிட மோசம். பெரும்பாலானவற்றில் நூறு மில்லி செகண்டைத் தாண்டிவிடும். கேட்பதற்கு சரி, பதிவுக்கு ஆகாது.)

ஆனால் அப்பத்தா ஹெட்ஃபோனே போடப் போவதில்லை. பக்க வாத்தியம் இல்லை, தாளம் இல்லை. அவர் பாடுவார், பெட்டி பதியும். தாமதத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? 1,024 வையுங்கள் என்றேன். ஹெட்ஃபோன் வேண்டும் என்கிற பாடகர்களுக்கும் வழி இருக்கிறது. மைக் பெட்டியில் ‘டைரக்ட்’ என்று ஒரு குமிழோ பட்டனோ பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிவிட்டு அந்தப் பட்டனை ஒரு தடவைகூடத் தொடாதவர்கள் ஏராளம்.

தொட்டியைப் பெரிதாக்கியதும் கடுகு பெரும்பாலும் அடங்கியது. ஆனால் லேட் பண்ணுகிற ஆசாமி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அவனைப் பிடிக்க லேட்டன்ஸிமான் என்று ஒரு ப்ரோகிராம் இருக்கிறது. பெயரில் மான், வேலையில் வேட்டை நாய். விண்டோஸில் ஒவ்வொரு கருவிக்கும் டிரைவர் என்று ஒரு துண்டு ப்ரோகிராம் உண்டு. இந்த டிரைவர்களுக்கு ஒரு சலுகை: மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நடுவில் புகலாம். மானேஜர் ரூமுக்குள் சீட்டு அனுப்பாமல் நுழைகிற ஆள் மாதிரி. நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டால் பரவாயில்லை. உள்ளே உட்கார்ந்து கதை பேசினால் வாசலில் பாட்டு காத்திருக்கும். யார் உள்ளே எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்று வேட்டை நாய் லிஸ்ட் போட்டுக் காட்டிவிடும்.

தம்பி வீட்டில் முதலிடம் வைஃபை கார்டின் டிரைவருக்கு. சில சமயம் ஆறு மில்லி செகண்ட் வரை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 1.3 மில்லி செகண்ட் டம்ளர் நிரம்பி வழியாமல் என்ன செய்யும்? பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்தோம். லிஸ்ட் சாதுவாகிவிட்டது. இதே மாதிரி கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர், ப்ளூடூத் எல்லாம் அடிக்கடி மாட்டுகிற பேர்வழிகள். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காகக் கம்ப்யூட்டர் அடிக்கடி குட்டித் தூக்கம் போடுவதும் ஒரு காரணம். பவர் ஆப்ஷனில் ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ என்று மாற்றி, யு.எஸ்.பி.யைத் தூங்க வைக்கும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். மைக் பெட்டியை நாலு பேர் தொங்கும் யு.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரின் முதுகில் நேராகச் செருக வேண்டும்.

எல்லாம் சரி. இருபது நிமிஷம் ஓடிய பிறகு திரும்பவும் ஒரு ‘பட்’.

கொஞ்ச நேரம் கழித்து வருகிற வியாதி என்றால் சூட்டைச் சந்தேகப்பட வேண்டும். மூடியைக் கழற்றினேன். ப்ராஸஸர் மேல் இருந்த விசிறியைக் காணோம். அதாவது இருந்தது, பத்து வருஷத் தூசி ஒரு கம்பளி ஸ்வெட்டர் மாதிரி அதைப் போர்த்தியிருந்தது. ப்ராஸஸர் ரொம்பச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நாம் நடையைக் குறைப்பது போல. போதாததற்குத் தம்பி, அப்பத்தாவின் குரல் கோயில் பிரகாரத்தில் பாடுவது மாதிரிக் கேட்க வேண்டும் என்று பெரிய எதிரொலி எஃபெக்ட் ஒன்றைப் பதிவின்போதே ஓட விட்டிருந்தார். ஓடுகிற ப்ராஸஸருக்கு அது ஒரு மூட்டை நெல். எஃபெக்ட் எல்லாம் பதிந்த பிறகு போடுகிற பவுடர், பொட்டு. பதிவின்போது வேண்டாம்.

மெல்லிய பிரஷ், காற்று ஊதி, ப்ராஸஸர் மேல் தடவ ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட். செலவு 400 ரூபாய். ஒரு மணி நேரம் ஓட விட்டோம். கடுகு இல்லை.

1,35,000 ரூபாய் கொட்டேஷனைத் தம்பி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா அதைப் பிறகு மளிகை லிஸ்ட் எழுத உபயோகித்ததாகக் கேள்வி.

*

கம்ப்யூட்டர் வாயை மூடிவிட்டது. சென்னை மூட வேண்டுமே. பகலில் தண்ணீர் லாரி ஹாரன், பழைய பேப்பர்காரர், பக்கத்து வீட்டுக் குக்கர். விடிகாலை நாலரை மணிக்கு வைத்துக்கொண்டோம். அப்பத்தா எப்படியும் நாலுக்கு எழுந்துவிடுகிறவர். பீரோவின் கதவுகளைத் திறந்து, உள்ளே தொங்கும் துணிகளுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தோம். எதிரே இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். துணியும் பஞ்சும் ஒலியைக் குடித்துவிடும். வெற்றுச் சுவர் திருப்பியடிக்கும். காயப் போட்ட துணி நல்லது என்று சொன்னது இதற்குத்தான். ஃபேனை நிறுத்தினோம். ஐந்தே நிமிஷத்தில் எல்லாரும் நனைந்துவிட்டோம். அப்பத்தா மட்டும் “இதென்ன வேக்காடு, களத்து மேட்டுல நின்னு பாக்கலையா நாங்க?” என்றுவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

ஏழு நிமிஷம். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். ப்ரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “இந்த எடம் வந்தா எங்க அத்தை அழுதுரும். எதுக்குன்னு கேட்டா சொல்லாது” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு விட்ட அடியிலிருந்தே எடுத்தார்.

தம்பி அதை வெட்டவில்லை. வெட்ட வேண்டாம் என்று நானும் சொன்னேன். சுத்தமான பதிவு என்பது ஒன்றும் இல்லாத பதிவு அல்ல. கடுகு போக வேண்டும். அந்த மௌனம் இருக்க வேண்டும். அந்த ஏழு நிமிஷமும் 60 எம்.பி. சொச்சம்தான். கல்யாண வீட்டில் எடுத்து அனுப்புகிற ஒரு வீடியோவுக்குக்கூடக் காணாது.

*

இனி, நிஜமாகவே மேம்படுத்த வேண்டும் என்கிறவர்களுக்கு. எல்லாக் கம்ப்யூட்டரையும் தூசி தட்டியே ஓட்ட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் வரிசை முக்கியம்.

முதல் காசு எஸ்.எஸ்.டி.க்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு துண்டைத் தேடிப் பிடிக்கச் சுமார் பத்து மில்லி செகண்ட் எடுக்கும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஒரு குரல் பதிய இது தேவையில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே வீணை, தபலா, வயலின் கூட்டம் எல்லாம் வைத்து இசையமைக்கிறவர்களுக்கு அந்தச் சாம்பிள்கள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகளாக வாசிக்கப்படும். அங்கே வித்தியாசம் உடனே தெரியும்.

இரண்டாவது ராம். 8 ஜி.பி.யிலிருந்து 16 என்பது கௌரவமான ஏற்றம். வாங்குவதற்கு முன் போர்டில் இருப்பது டி.டி.ஆர். 3-ஆ, 4-ஆ, 5-ஆ என்று பாருங்கள். ஒன்று மற்றொன்றின் பள்ளத்தில் உட்காராது. 32 பிட் விண்டோஸ் வைத்துக்கொண்டு எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜி.பி.க்கு மேல் அது கண்ணெடுத்துப் பார்க்காது.

மூன்றாவது, நல்ல மைக் பெட்டியும் அதற்கென்றே எழுதிய ஆசியோ டிரைவரும். கம்ப்யூட்டரோடு வந்த மைக் ஓட்டையில் செருகிப் பதிகிறவர்களுக்கு இதுவே முதல் செலவாகக்கூட இருக்கலாம்.

ப்ராஸஸர், போர்டு எல்லாம் கடைசி. அதற்கும் ஒரு நியாயமான காரணம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0, புதிய ப்ராஸஸர் எல்லாம் பழைய பெட்டிகளில் இல்லை. தம்பியுடையதிலும் இல்லை. அவர் அதை இன்டர்நெட்டே இல்லாமல் பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார். லினக்ஸ் போட்டு ஆர்டர் என்ற பதிவு ப்ரோகிராமில் சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு.

வாங்க வேண்டாதது, 192 கிலோ ஹெர்ட்ஸ் ஆசை. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான்; வயசானால் அதுவும் குறையும். 48,000 சாம்பிளில் பதிந்தால் 24,000 ஹெர்ட்ஸ் வரை பிடிபடுகிறது. அதற்கு மேல் பதிவது வௌவால்களுக்குத்தான். அவை காசு கொடுத்துப் பாட்டு கேட்பதில்லை. அதே பஃபர் எண்ணில் சாம்பிளை நாலு மடங்காக்கினால் லாரி வர வேண்டிய நேரம் நாலில் ஒரு பங்காகிவிடும். கடுகை நாமே அடுப்பில் போட்ட மாதிரி.

இன்னொன்று, பூட்டை உடைத்து இலவசமாகச் சுற்றுகிற ‘கிராக்’ ப்ரோகிராம்கள். அவற்றோடு என்னென்ன கிருமி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று தெரியாது. அது பின்னணியில் ஓடி, லேட் பண்ணி, கடைசியில் கிராக்கிலிருந்து கிராக்கிள். ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை அறுபது நாள் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம். குரல் பதிய இவை ஏதேஷ்டம்.

எது வாங்குவதற்கும் முன்னால் காப்பி எடுங்கள். எம்.பி.3 ஆக அல்ல, வேவ் ஆக. மூன்று காப்பி; இரண்டு வெவ்வேறு சாதனங்களில்; ஒன்று வீட்டுக்கு வெளியே. தம்பியின் மூன்றாவது காப்பி ஒரு பென் டிரைவில் ஊருக்கே போய்விட்டது, அப்பத்தாவின் சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில். சுண்ணாம்பு படாமல் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டு தெரிந்தவர் இருக்கலாம். கம்ப்யூட்டரைச் சரி பண்ணி, எஸ்.எஸ்.டி. வாங்கி, மைக் வாங்கி, பிறகு பதியலாம் என்று காத்திருக்க வேண்டாம். கம்ப்யூட்டர் எங்கேயும் போகாது; எப்போது வேண்டுமானாலும் மூடியைக் கழற்றலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கையிலிருக்கும் போனையே ஏர்பிளேன் மோடில் போட்டு, ஒரு முழம் தள்ளி வைத்து, பதிவு பட்டனை அழுத்துங்கள்.

ஃபேனை மட்டும் நிறுத்திவிடவும்.